அப்பாவின் பெயரில் மாமா

யார் என் அடையாள அட்டையின் பிரதியைக் கேட்டாலும், அதன் குறுக்கே பேனாவால் இரண்டு கோடு போட்டு, எந்த வேலைக்காக எந்தத் தேதியில் கொடுக்கிறேன் என்று எழுதிவிட்டுத்தான் கொடுப்பேன். வங்கியில் இருக்கும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். "எங்க மேல நம்பிக்கை இல்லையா அம்மா?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். இல்லை என்றேன். நம்பிக்கையான ஆளிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டு நாங்கள் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும். அதுவும் அந்தக் காகிதங்களை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன் என்பதை நினைத்தால், இத்தனை வயதிலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வருகிறது.

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் வகுப்பு. அதை முடித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனேன். ஆனால் எழுத்து என் கையை விட்டுப் போகவில்லை. லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசிப்பது நான், பதில் எழுதுவது நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

உலக யுத்தம் முடிந்த கையோடு ஊரிலிருந்து மாமா வந்து சேர்ந்தார். ஊர் என்றால் திருச்சிப் பக்கம். அம்மாவின் பெரியம்மா மகன் அவர், அம்மாவுக்கு அண்ணன் முறை. அப்போது தோட்டத்தில் புதிதாக ஆள் எடுக்கவில்லை. ஒரு வேலையும் இல்லாமல் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே சில மாதம் கிடந்தார். நல்ல வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் தாத்தா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கடிதம் வந்தது. அப்பா உடனே போக வேண்டும். போவதில் ஒரு சிக்கல் இருந்தது. நீண்ட நாள் வேலைக்கு வராதவன் பெயரைச் செக்ரோலிலிருந்து வெட்டிவிடுவார்கள். செக்ரோல் என்பது தோட்டத்து ஆள் பெயரெல்லாம் எழுதிய பெரிய புத்தகம். அதில் பெயர் போனால் வேலை போகும், காம்பராவும் போகும். அதனால் ஊருக்குப் போகிறவன் தன் பெயரை யாராவது சொந்தக்காரனிடம் விட்டுவிட்டுப் போவது வழக்கம். அவன் திரும்பி வரும்வரை இவன் அந்தப் பெயரில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பான், அந்தப் பெயரில் மலைக்கு வேலைக்குப் போவான். செக்ரோல் எழுதும் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், லயம் முழுக்கத் தெரியும். தோட்டத்தை நடத்தும் தொரைக்கு ஆள் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். யாரும் இதைத் திருட்டு என்று நினைத்ததில்லை, பெரிய உதவி என்றுதான் நினைத்தோம். அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேரைப் பாத்துக்கங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மூன்று மாதத்தில் வருகிறேன் என்று போனவர் பதினான்கு மாதம் கழித்துத்தான் வந்தார். தாத்தாவின் காரியம் முடிந்ததும் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. அது தெளிந்து எழுந்து நடமாடவே பாதி வருடம் ஆகிவிட்டது. வந்த மறுநாளே அப்பா கணக்கப்பிள்ளையிடம் போய் நின்றார்.

"இப்ப எதுக்குப் போட்டுக் கொழப்பணும்?" என்றார் கணக்கப்பிள்ளை. "அவன் பேரைப் புதுசாப் பதிஞ்சு விடுறேன். நீ அந்தப் பேர்ல நில்லு. புத்தகம் மாத்துறப்ப ரெண்டையும் சரி பண்ணிக்கலாம்."

சரி பண்ணவேயில்லை. புத்தகம் மாறியது, ஒரு முறை அல்ல, மூன்று முறை மாறியது. ஒவ்வொரு முறையும் அப்பா போய்க் கேட்பார், ஒவ்வொரு முறையும் "அடுத்த தரம் பாப்போம்" என்று பதில் வரும். காலையில் பெரட்டுக் களத்தில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டால் மாமா கை தூக்குவார். மாமாவின் பெயரைக் கூப்பிட்டால் அப்பா கை தூக்குவார். என் தம்பிகளுக்கு அது ஒரே வேடிக்கை. நானும் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்.

பிறகு சட்டம் வந்தது. நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று முதலில் ஒரு சட்டம். இல்லை, இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததை நிரூபித்தால் பிரஜாவுரிமைக்கு மனுப் போடலாம் என்று மறு வருடமே இன்னொரு சட்டம். பெண்டாட்டி பிள்ளைகளையும் அதே மனுவில் சேர்க்கலாம். போடுவதா வேண்டாமா என்று கொஞ்ச நாள் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் தவணை முடியப் போகிறது என்றதும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். அந்தக் காகிதம் மட்டும் கைக்கு வந்துவிட்டால் யாரும் எங்களைக் கப்பலேற்றிவிட முடியாது. அது இல்லாவிட்டால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அம்மாவுக்கு ஊர் என்றால் என்னவென்றே தெரியாது, அவள் பிறந்ததே இங்கே வட்டவளையில். அவளையும் ஒருநாள் ஏற்றி அனுப்பிவிடுவார்களோ என்று, தகர டப்பாவில் இருந்த காகிதங்களை அடிக்கடி எடுத்து எண்ணிப் பார்த்துக்கொள்வேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் அம்மாவும் விறகுக்குப் போயிருந்த நேரத்தில், மாமா வாசலில் வந்து நின்றார்.

"புள்ள, ஒங்க மூணு பேரு பொறந்த சர்ட்டிபிகேட்டு, அம்மாவோடது, எல்லாத்தையும் எடுத்துக் குடு. ஆபீஸ்ல கேக்குறாங்க."

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாமாதானே. லயத்தில் எல்லோரும் மனு வேலையாக அலைந்துகொண்டிருந்தார்கள், எங்களுக்காகத்தான் அலைகிறார் என்று நினைத்தேன். தகர டப்பாவிலிருந்து நான்கு காகிதத்தையும் எடுத்து, ஈரம் படாமல் பழைய பேப்பரில் சுற்றி வேறு கொடுத்தேன். அவர் பத்திரமாகத் திருப்பியும் கொண்டுவந்து கொடுத்தார். அதனால் சந்தேகமே வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, தோட்டத்தில் இத்தனை வருடம் வேலை செய்கிறார் என்ற கடிதம் வாங்க அப்பாவும் நானும் ஆபீஸுக்குப் போனோம். அப்பா தன் பெயரைச் சொன்னார். கிளாக்கர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பேருக்குக் குடுத்தாச்சே. அந்த ஆள் வந்து வாங்கிட்டுப் போயி மனுவும் போட்டாச்சு. பொண்டாட்டி, மூணு புள்ளைங்க எல்லாம் சேத்து."

"அந்த ஆள் நான்தாங்கய்யா," என்றார் அப்பா.

கிளாக்கர் சிரித்தார். "செக்ரோல்ல ஒம் பேரு வேற. நேத்து வந்தவங்கூட இப்புடித்தான், இன்னொருத்தன் பேரச் சொல்லிக் கடிதம் கேட்டான். போ, போ."

அப்பா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மனுவில் பெண்டாட்டி என்று இருப்பது என் அம்மாவின் பெயர். மூன்று பிள்ளைகள் நாங்கள். அதற்கெல்லாம் ஆதாரம், நான் பேப்பரில் சுற்றிக் கொடுத்த அந்த நான்கு காகிதங்கள்.

மாமா தண்ணீர் கொட்டும் பீலியடியில் குளித்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே போய்ச் சத்தம் போட்டேன். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அப்பா பின்னாலேயே வந்து என் தோளைப் பிடித்தார். மாமா துண்டால் தலையைத் துவட்டியபடி, கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல் பேசினார்.

"மச்சான், கோவப்படாம கேளுங்க. நான் யுத்தம் முடிஞ்சு வந்தவன், வருஷம் பத்தாது. என் பேர்ல போட்டா மனுவத் தூக்கி மூஞ்சில எறிவான். சரி, ஒங்க பேர்ல நீங்களே போடுறீங்கன்னு வையிங்க. பதினாலு மாசம் ஊர்ல இருந்தீங்களே, அதுக்கு என்னா சொல்லுவீங்க? பன்னெண்டு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா கெடையாதுன்னு சட்டத்துலயே இருக்கு. புத்தகத்துல ஒங்க பேரு ஒரு நாள்கூட விடுபடல. ஏன்னா நான் நின்னேன். அந்தப் பேரும் இந்த ஆளும் சேந்தாத்தான் பேப்பர் வரும்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றேன் நான்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

என்னை எது ஆத்திரப்படுத்தியது என்றால், அவர் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை என்பதுதான். ஒரு வாரம் முழுக்க யோசித்தேன். அப்பா தான் யார் என்று நிரூபிக்க வேண்டுமானால், அந்தப் பதினான்கு மாதம் இங்கே இல்லை என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் மனு போச்சு. சொல்லாவிட்டால் பெயர் போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். "எனக்கு ஒன்னும் தெரியாது. புத்தகத்துல என்னா இருக்கோ அதான்" என்று கையைக் கழுவிக்கொண்டார். அந்தப் புத்தகத்தில் எழுதியதே அவர்தான்!

பிரஜாவுரிமை ஆபீஸுக்கே நான் ஒரு மனு எழுதினேன். நான்கு பக்கம். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர், வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டுக் கையை நீட்டி வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அஞ்சு பேருல நாலு பேருக்குக் கெடைக்கும்ல," என்றார். "ஒங்க மூணு பேருக்கும் அம்மாவுக்கும் கெடைச்சாப் போதும். அவரும் இருந்துட்டுப் போறாரு."

"அப்ப நீங்க?"

"நான் எங்க போகப் போறேன்? இங்கதான இருக்கேன்."

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. தன் பெயர், தன் பெண்டாட்டி, தன் பிள்ளைகள் எல்லாவற்றையும் இன்னொருவர் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார், இவர் கூட்டல் கழித்தல் போட்டு நாலு பேருக்கு லாபம் என்கிறார். அம்மாவோ விஷயத்தைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள். "அண்ணன் மொற ஆளைப் போயி... எழுதுன கை வெளங்குமா?" என்றாள். அன்றிலிருந்து மாமா வந்தால் உள்ளே எழுந்து போய்விடுவாள்.

மூன்று வருடம் கழித்து விசாரணைக்குக் கடிதம் வந்தது. மனுதாரரும் மனைவியும் நேரில் வர வேண்டும், மனுதாரரைத் தெரிந்த சாட்சி ஒருவரும் வேண்டும். லயத்தில் ஒருவரும் சாட்சிக்கு வரத் துணியவில்லை. பொய் என்று எல்லோருக்கும் தெரியும், மாட்டினால் யார் பதில் சொல்வது? கடைசியில் அப்பாவே சாட்சியாகப் போவதாக முடிவாயிற்று. அந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டால் தெரியும், என் மச்சான் என்று சொன்னால் போதும். அதில் பொய்யும் இல்லை என்று அப்பா சொன்னபோது, அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நியாயம் பேசி நான்கு பக்கம் எழுதிய நானேதான் அம்மாவுக்குப் பொய்யைப் பழக்கினேன். மூன்று வருடத்தில் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ மனு தள்ளுபடியாகி வந்ததைப் பார்த்துவிட்டேன். வைத்திருந்த ரோஷமெல்லாம் வடிந்து, எப்படியாவது அந்தக் காகிதம் வந்தால் போதும் என்றாகிவிட்டது. மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தபடி நான் கேள்வி கேட்பேன், அம்மா பதில் சொல்ல வேண்டும். எந்த வருடம் கல்யாணம், எத்தனை பிள்ளை, எல்லாம் சொல்வாள். "அவர் ஒம் புருஷனா?" என்று கேட்டால் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள்.

"பேச வேணாம்மா. தலைய மட்டும் ஆட்டு. அது போதும்."

"சரி. ஆட்டுறேன்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில்தான் விசாரணை. விசாரிக்க வந்தவர் ஒரு சிங்கள அதிகாரி, வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல ஒரு இளைஞர். பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டும் என்றதால் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா அசராமல் பதில் சொன்னார். அப்பா பிறந்த ஊர், அப்பாவின் அப்பா பெயர், எந்தத் துறைமுகம், எந்த வருடம், ஒன்றிலும் தடுமாறவில்லை. அப்பாவே அவ்வளவு கோவையாகச் சொல்லியிருக்க மாட்டார். அப்பா மூலையில் சாட்சிகள் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"ஒங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

அம்மா பேசாமல் நின்றாள். இளைஞர் அதிகாரியிடம், இவர்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்று சிங்களத்தில் விளக்கினார். அதிகாரி லேசாகச் சிரித்து, அப்படியானால் ஆளைக் காட்டட்டும் என்றார். அம்மாவின் கை மெதுவாக எழுந்து மாமா இருந்த பக்கம் நீண்டது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அச்சடித்த விசாரணைப் பாரத்தில் இன்னும் ஒரு கேள்வி இருந்தது. இளைஞர் அதை அப்படியே வாசித்தார்.

"இவரோட புருஷன் பொண்டாட்டியாச் சேந்து குடும்பம் நடத்துறீங்க, அப்புடித்தான?"

அம்மாவின் கை தொப்பென்று விழுந்தது.

"ஐயோ, என்னா பேச்சுங்க இது! இவரு எனக்கு அண்ணன் மொறைங்க!"

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அப்போ புருஷன் யார் என்று அம்மாவைக் கேட்டார்கள். அவள் பதில் சொல்வதற்கு முன்பே அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து மேசைக்கு முன்னால் போய் நின்றார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பெயரை ஏன் விட்டுவிட்டுப் போனார், மாமா ஏன் அந்தப் பெயரில் நின்றார், திரும்பி வந்து ஏன் மாற்ற முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். அந்த மனிதர் எங்களை நம்புகிறார் என்று எனக்குத் தெரிந்தது. உண்மையான ஆள் இவர்தான் என்று எழுதிவிட்டால் இன்னும் வழி இருக்கிறது.

"எத்தனை மாசம் ஊர்ல இருந்தீங்க?" என்று இளைஞர் கேட்டார்.

நான் ஜன்னலுக்கு வெளியே நின்று இரண்டு கை விரலையும் விரித்துக் காட்டினேன். பத்து. பத்து என்று சொல்லுங்கப்பா. அப்பா என்னைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார்.

"பதினாலு மாசங்க," என்றார்.

திரும்பி வரும் வழியில் நான் அம்மாவைத் திட்டினேன். அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை, அதனால் அவர் மேல் இருந்த கோபத்தையும் சேர்த்து அவள் மேல் கொட்டினேன். ஒரு தலையை ஆட்ட முடியவில்லையா, எங்கள் மூன்று பேர் வாழ்க்கையையும் கெடுத்துவிட்டாயே என்றேன். அம்மா நடந்துகொண்டே, "நீயே சொல்லு, எப்புடி ஆட்டுறது?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கும் சேர்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு வெட்கமே இல்லை.

விசாரணை முடிந்த மறுநாள் தொரை கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கத்தினாராம். இத்தனை வருடமாக முடியாத வேலை அன்று பத்து நிமிடத்தில் முடிந்தது. செக்ரோலில் அப்பாவின் பெயர் அப்பாவுக்கே வந்தது. மாமா அந்த மாதமே வட்டவளைப் பக்கம் யாரோ தெரிந்தவர்களிடம் போய்விட்டார். போகும்போது அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வந்தார், அவள் வெளியே வரவில்லை. நான் வாசலில் நின்றேன். "கரையேறியிருப்போம் புள்ள," என்றார். எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரம் அடங்கவில்லை, இருந்தாலும் அவர் சொன்னது சரி என்றுதான் அப்போதும் தோன்றியது.

எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் அப்பாவும் நானும் அதை ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போனோம். அதே கிளாக்கர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனதுக்குள் வாசித்துவிட்டு எங்களைப் பார்த்தார். அவருக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது.

"தள்ளுபடி," என்றார். "பன்னெண்டு மாசத்துக்கு மேல நாட்ட விட்டு வெளிய இருந்தபடியால மனுதாரரும், பொண்டாட்டி புள்ளைங்களும் பதிவுக்குத் தகுதி இல்லைன்னு போட்டிருக்கு."

வாங்கப்பா போவோம் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா நகரவில்லை.

"மனுதாரர்னு யார் பேருங்கய்யா போட்டிருக்கு?"

கிளாக்கர் கடிதத்தின் தலைப்பைப் பார்த்து அப்பாவின் பெயரை வாசித்தார். அப்பாவின் அப்பா பெயரோடு சேர்த்து, முழுப் பெயரையும் வாசித்தார்.

"இன்னொரு தரம் வாசிங்கய்யா."

கிளாக்கர் மறுபடியும் வாசித்தார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரியாத்தான் போட்டிருக்காங்க," என்றார்.

எனக்கு அந்தக் காகிதத்தைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. அவர் அதை மடிக்கக்கூட இல்லை. மழை வரும் போலிருக்கிறது, உள்ளே வையுங்கள் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், லயம் வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.